பேட்டரிக்குக் கட்டம் இல்லை

மாசிமகம் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். விடியற்காலை நடையை முடித்துக்கொண்டு திரும்பும்போது வைத்திக்குப்பத்துக் கரையில் பெண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அப்படிக் கூட்டம் நின்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, நல்ல மீன்பாடு. இல்லையென்றால் ஏதோ ஒரு படகு வரவில்லை. யாரும் பேசிக்கொள்ளாததால் இரண்டாவதுதான் என்று புரிந்துகொண்டேன்.

வராமலிருந்தது என் பால்ய நண்பரின் இளைய மகனுடைய ஃபைபர் படகு. நானும் அந்த நண்பரும் சிறுவயதில் ஒன்றாகக் கடலில் விழுந்து புரண்டவர்கள். அவர் தொழிலுக்குப் போனார், நான் பள்ளிக்கூடம் போய்ப் பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். அவர் மனைவி மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. காலை பத்தரை மணிக்குத்தான் போன் வந்தது. மரக்காணம் பக்கத்தில் கரையேறி, அங்கே ஒரு டீக்கடைக்காரரின் போனிலிருந்து பேசினான். நாலு பேரும் நலம். எண்ணெய் மட்டும் அடியில் இரண்டு லிட்டர் மிச்சம்.

என்ன நடந்தது என்பதை அவனே இரண்டு நாள் கழித்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு ஜிபிஎஸ் திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது. அதே பேட்டரியில் இருந்த எக்கோ சவுண்டரும் விஎச்எஃப்பும் கூடவே போயின. பனிமூட்டத்தில் கலங்கரை விளக்கும் தெரியவில்லை, வெள்ளியும் தெரியவில்லை. செல்போன்கள் நாலும் முன்பே சார்ஜ் தீர்ந்திருந்தன. மாசிக்குப் பிறகு நம் பக்கத்து நீரோட்டம் வடக்கே இழுக்கும், அது இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. பொழுது விடிந்து சூரியன் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் மேற்கே ஓட்டியிருக்கிறார்கள். இயந்திரம் கயிறு இழுத்துக் கிளப்பும் வகை என்பதால் பிழைத்தார்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகையாக இருந்திருந்தால், தீர்ந்துபோன பேட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"பேட்டரி சரியில்ல பெரியப்பா, ஏமாத்திட்டான்" என்றான்.

பேட்டரி விற்றவன் ஏமாற்றவில்லை என்பதுதான் என் கட்சி. இதை எழுத உட்கார்ந்த காரணமும் அதுதான்.

எனக்கு மின்சாரம் கற்றுக்கொடுத்தவர் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு கண்டிப்பான வாத்தியார். பிரெஞ்சில் டார்ச் லைட்டுக்குப் போடும் கட்டைக்கு 'பீல்' என்று பெயர். கார், படகில் வைப்பதற்கு 'அக்குமுலாத்தேர்'. இரண்டையும் மாற்றிச் சொன்னால் முட்டியில் அடி விழும். அக்குமுலாத்தேர் என்றால் சேர்த்து வைப்பது என்று பொருள். ஈயத்தையும் அமிலத்தையும் வைத்து இதை முதலில் செய்தவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர், 1859-ல். நாம் இரண்டையும் பேட்டரி என்று ஒரே பேரில் அழைப்பதால், பின்னதும் தானாக மின்சாரம் தரும் பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். போட்டதைத்தான் அது திருப்பித் தரும், அதிலும் கொஞ்சம் கழித்துக்கொண்டு.

நாற்பது வருஷம் வரவு செலவு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு தாளை எடுத்து அவனை உட்காரவைத்துக் கேட்டுக்கேட்டு எழுதினேன். பேட்டரி 12 வோல்ட், மேலே 60 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது. காரிலிருந்து கழற்றிய பழையது, ஆகவே உண்மையில் 40 தேறினால் பெரிது. இதுதான் வரவு. படகு இயந்திரத்தில் சார்ஜ் செய்யும் ஏற்பாடு கிடையாது, அதனால் கடலில் புது வரவு ஒன்றுமில்லை.

இனிச் செலவு, பத்து மணி நேரத்துக்கு. ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்த கலர் திரை மணிக்கு ஒரு ஆம்பியர், ஆக 10. விஎச்எஃப் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 4. அதில் பேசும்போது ஐந்து ஆம்பியர் வரை இழுக்கும், விட்டுவிட்டு அரைமணி நேரம் பேசினாலும் இரண்டரை. வலை பார்க்க பத்து வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 17. கம்பத்தின் உச்சியில் பழைய இழை பல்பு ஒன்று, 8. நாலு பேருடைய செல்போன் சார்ஜுக்கு 6 வைக்கலாம். அப்புறம் அவன் சொல்லத் தயங்கிய ஒன்று, பாட்டுப் பெட்டி. அதற்கு ஆறு மணி நேரத்துக்கு 6. கூட்டினால் ஐம்பத்து மூன்றரை. மணிக்கு ஐந்தேகால், ஐந்தரை என்று வருகிறது. நாற்பதை அதால் வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறு மணிக்குக் கிளம்பியவனுக்கு ஒரு மணிக்குத் திரை அணைந்ததில் என்ன ஆச்சரியம்? பேட்டரி தன் கணக்கைச் சரியாகவே முடித்திருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உயிர் காக்கும் சாமான்கள், அதாவது ஜிபிஎஸ்ஸும் விஎச்எஃப்பும், செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் விளக்கு, போன், பாட்டு. சினிமா பார்த்த செலவில் மருந்துக்குப் பணமில்லாமல் போன குடும்பத்தின் கதைதான் இது.

உண்மையில் நாற்பதையும் செலவழிக்கவும் கூடாது. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துகொண்டே போகும். கார் பேட்டரி இன்னும் மோசம். சில விநாடி வேகமாக மின்சாரம் கொட்டி இயந்திரத்தைக் கிளப்புவதற்காகச் செய்தது அது, இரவு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதற்கு அல்ல. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் ட்யூபுலர் பேட்டரி இந்த வேலைக்குப் பொருந்தும். தூக்கத்தான் கனம். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். சார்ஜ் போட்டு எடுத்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் இருப்பதே லாபம்.

அவன் படகைப் போய்ப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து திரைவரை போன ஒயர், வீட்டு அழைப்பு மணிக்குப் போடும் மெலிந்த ஒயர். நடுவே இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தான். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. மெல்லிய ஒயரும் துருவும் வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரியில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கருவிக்குப் போய்ச் சேராது, அது அணைந்துவிடும். தடித்த ஒயர், இடையில் ஒரு ஃப்யூஸ், முனையைச் சுரண்டித் துடைத்து மேலே வாசலின் தடவுவது, இவ்வளவுதான் வைத்தியம். தண்ணீரும் அப்படித்தான். கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இவன் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். அதிலுள்ள உப்பு பேட்டரிக்கு விஷம்.

இப்போது என் பழைய உலகத்துக்கு வருகிறேன். 2017-ல் ஓகி புயல் கன்னியாகுமரி, கேரளப் பக்கத்து மீனவர்களை வாரிக்கொண்டு போன பிறகு, படகில் தகவல் கருவி வேண்டும் என்ற பேச்சு எல்லா இடத்திலும் வலுத்தது. நல்ல பேச்சுதான். ஆனால் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, கருவி கொடுப்பது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். நான் இருந்த அலுவலகத்துக்கும் அந்த மாதிரிக் கோப்புகள் வந்தன. படகின் பதிவு எண், கருவியின் பெயர், ரசீது, பயனாளி கருவியோடு நிற்கும் புகைப்படம் என்று விண்ணப்பத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இந்தக் கருவி எந்த பேட்டரியில் ஓடும், அதை எங்கே சார்ஜ் செய்வார் என்று ஒரு கட்டம் இல்லை. நானும் கேட்டதில்லை. புகைப்படத்தில் முகம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் வேறு திசையில் போனார். "இந்தப் பெட்டியெல்லாம் எதுக்குப்பா? நாம கட்டுமரத்துல போனப்ப என்ன பேட்டரி இருந்துச்சி? லைட் அவுசு வெளிச்சத்தப் பாத்தே கர சேரல?" என்றார். அவர் சொன்னது 1836-ல் முதன்முதலில் ஏற்றிய அந்தப் பழைய வெள்ளைக் கோபுரத்தை. 1979-ல் புதியது வந்ததும் அது ஓய்வு பெற்றது. இரவில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அதன் வெளிச்சம் வருவதை எண்ணியிருக்கிறேன், ஆகவே அவருடைய ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவர்களையும் நாங்கள் இருவரும் அறிவோம். அவருடைய சித்தப்பா ஒருவரே அப்படிப் போனவர். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குக் கரையோரம் கிடைத்த மீனுக்கு இன்று எத்தனை பாகம் தள்ளிப் போகவேண்டியிருக்கிறது! பெட்டி வேண்டாம் என்பவரோடு நான் சேரமாட்டேன். காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே ஜிபிஎஸ் அணைந்தால் வழி மட்டும் தப்புவதில்லை, எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான் என்று இலங்கைச் சிறைக்கும் போகவேண்டி வரும்.

ஒன்றில் மட்டும் நண்பர் சொல்வதை ஏற்கிறேன். அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காலால் உணர்ந்தே கரை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார் அவர். மகனுக்கு அது தெரியவில்லை. படகில் மின்சாரம் கேட்காத ஒரு திசைகாட்டிகூட இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்துத் திரை வாங்கியவன் அதை வாங்கவில்லை.

என் கருத்து இதுதான். ஒரு படகில் இரண்டு பேட்டரி வேண்டும். ஒன்று விளக்குக்கும் பாட்டுக்கும் போனுக்கும், அது தீர்ந்தால் தீரட்டும். இன்னொன்று ஜிபிஎஸ்ஸுக்கும் விஎச்எஃப்புக்கும் மட்டும், அதில் வேறு எந்த ஒயரும் ஏறக்கூடாது. பொத்தானில் கிளம்பும் இயந்திரம் என்றால் அதற்குத் தனியாக ஒன்று. ஏனென்றால் இயந்திரம் கிளம்பும்போது வோல்ட் சட்டென்று விழும், அதே பேட்டரியில் இருக்கும் ஜிபிஎஸ் அணைந்து மறுபடி துவங்கும். கருவிக்கு மானியம் தருபவர்கள் அந்த இரண்டாவது பேட்டரியையும், தடித்த ஒயரையும், ஒரு திசைகாட்டியையும் சேர்த்துத் தரவேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல.

சோலார் தகடு வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஐம்பது வாட் தகடு நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 ஆம்பியர் மணி தரும், ஜிபிஎஸ்ஸும் விஎச்எஃப்பும் ஓர் இரவு ஓட ஏறக்குறைய அது போதும். ஆனால் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். தகட்டின் மேல் வலையைப் போட்டு வைத்தாலும், உப்பு படிந்தாலும் பாதிகூட வராது. கரையில் கிடக்கும் படகிலிருந்து தகடு காணாமல் போவது தனிக் கதை. லித்தியம் பேட்டரி கனமில்லாதது, பாதிக்குக் கீழேயும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் விலையும் அதிகம், சார்ஜரும் வேறு. இப்போதைக்குப் பழைய ஈயம் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சித்திரை பிறந்துவிட்டது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் தடைக்காலம். பேட்டரிகள் அதிகம் சாவது கடலில் அல்ல, இந்த இரண்டு மாதத்தில்தான். கடைசியாகப் போய்வந்த நிலையிலேயே, பாதி தீர்ந்ததை அப்படியே மூலையில் வைத்துவிடுவார்கள். தகடுகளின் மேல் உப்பு மாதிரி ஒன்று படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. ஜூனில் எடுத்துப் பார்த்து, கடைக்காரனைத் திட்டிவிட்டு இன்னொரு பழையதை வாங்குவார்கள்.

அவன் இந்த முறை அப்படிச் செய்யவில்லை. இரண்டு பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வராந்தாவில், காற்றோட்டமான இடத்தில் பலகை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, வோல்ட்டை அளந்து நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். நேற்று 12.7. கரண்ட் பில் கூடினால் அவனிடமே வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள் வீட்டுக்காரி. சங்கராமீன் இரண்டு கொண்டுவந்து கொடுத்தான் என்றால் அவளே வேண்டாமென்று விடுவாள், எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும்.