வான்வெளியின் விலையும் கிராமத்து விடுதியும்

ஜேர்மனியில் புகலிடம் கோருவோர் தாம் வாழப்போகும் ஊரைத் தாமே தெரிவுசெய்வதில்லை. மாநிலங்களுக்கிடையிலான பங்கீட்டு விகிதப்படி அரசே அவர்களை அனுப்பி வைக்கின்றது. காட்டோரக் கிராமமொன்றின் விடுதியில் கொண்டுபோய் விடப்படும் ஒருவருக்குக் கையடக்கத் தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. சட்டத்தரணியின் அழைப்பும், ஊரிலுள்ள தாயின் குரலும், வேலை தருவதாகச் சொன்னவரின் பதிலும் அதன்வழியேதான் வந்துசேர வேண்டும். அங்கே சமிக்ஞை இல்லையென்றால் அவர் வேறோர் ஊருக்குப் பெயர்ந்து செல்லவும் இயலாது. ஏன் இல்லை என்று கேட்டால், மலை மறைக்கின்றது என்பார்கள். அது பாதிப் பதில். மீதிப் பாதி, அரசு அலைவரிசைகளைப் பங்கிட்ட விதத்தில் இருக்கின்றது.

ஒரே இடத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் ஒலிபரப்பினால் ஒன்றையொன்று கெடுக்கும். ஆகவே எந்த நாட்டிலும் அரசே நடுவராக நின்று, இன்னார் இந்த அலைவரிசையை இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்று உரிமம் வழங்குகின்றது. வானலைகள் பொதுச் சொத்து என்று இந்திய உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இந்தியாவை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் அதன் நியாயம் எங்கும் பொருந்தும். பொதுச் சொத்தை எவருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதே வழக்கு.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் மைன்ஸ் நகரில் நடந்த ஏலத்தை இங்கு நீண்டகாலம் வாழ்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூன்றாம் தலைமுறைத் தொலைபேசிக்கான அலைவரிசைகளுக்கு ஏழு நிறுவனங்கள் போட்டியிட்டன. ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்த ஏலத்தின் முடிவில் ஆறு நிறுவனங்கள் உரிமம் பெற்றன. அரசுக்குக் கிடைத்தது 98.8 பில்லியன் டொய்ச் மார்க். அதே ஆண்டு ஏப்ரலில் பிரித்தானியா 22.5 பில்லியன் பவுண் பெற்றிருந்தது. டிசம்பரில் சுவிற்சர்லாந்து ஏலம் நடத்தியபோது நான்கு உரிமங்களுக்கு நான்கு நிறுவனங்களே எஞ்சி நின்றன. 205 மில்லியன் பிராங்குடன் கதை முடிந்தது. காற்றின் விலை ஓர் ஆண்டுக்குள் எப்படி ஏறி எப்படி இறங்கியது பாருங்கள்! ஜேர்மனியில் வென்ற அறுவரில் இருவர் தத்தமக்கு வாங்கிய அலைவரிசையில் நிலையான வலையமைப்பை நிறுவாமலே வெளியேறினர். சுவிற்சர்லாந்திலும் ஒரு நிறுவனம் எதையும் கட்டவில்லை. 2006இல் அதன் உரிமம் பறிக்கப்பட்டது.

ஏலத்தொகை பெரிதாக இருந்தமையால்தான் கிராமங்கள் கைவிடப்பட்டன என்று சொல்வோர் உளர். நான் அவ்வாறு அடித்துக் கூறமாட்டேன். செலவழிந்துபோன பணம் நாளைய முதலீட்டைத் தீர்மானிக்காது என்று பொருளியல் விரிவுரைகளில் கூறுவது வழக்கம். (வங்கிக்கடனில் மூழ்கிய நிறுவனமொன்றின் கணக்காளரிடம் அவ்விரிவுரையை நிகழ்த்திப் பார்க்க வேண்டும்.) குறை வேறிடத்தில் இருந்தது. 2003 இறுதிக்குள் மக்கள்தொகையில் 25 சதவீதத்தினருக்கும், 2005 இறுதிக்குள் 50 சதவீதத்தினருக்கும் சேவை வழங்கினால் போதும் என்பதே அன்றைய நிபந்தனை. கோடிக்கணக்கில் விலை பேசிய அரசு, நிபந்தனை பேசும்போது மட்டும் கைவிரித்துவிட்டது. மக்கள்தொகையால் அளக்கும்போது நெருக்கமான நகரங்களே கணக்கை நிரப்பிவிடும். பரப்பளவு கணக்கில் வராது. கிராமத்து விடுதி விடுபட்டது இந்த இடத்தில்தான்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு இதே நாடே சாட்சி. 2010இல் தொலைக்காட்சி விட்டுச்சென்ற 800 மெகாஹேர்ட்ஸ் பகுதி ஏலமிடப்பட்டது. குறைந்த அதிர்வெண் அலைகள் தொலைதூரம் செல்வன, சுவர்களையும் ஊடுருவுவன, எனவே குறைந்த கோபுரங்களே போதும். அம்முறை, சேவையற்ற சிற்றூர்களுக்கு முதலில் கொடுத்த பின்னரே நகரங்களுக்குச் செல்லலாம் என்று விதிக்கப்பட்டது. அரசு ஈட்டியது ஏறத்தாழ 4.4 பில்லியன் யூரோதான், அதுவும் பிற அலைவரிசைகளையும் சேர்த்து. ஆனால் நிபந்தனைகள் காலக்கெடுவுக்கு முன்னரே நிறைவேறின.

ஏலமே வேண்டாம், அரசே பார்த்துக் கொடுக்கட்டும் என்பவர்களுக்கும் ஒரு சொல். இந்தியாவில் 2008இல், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பெயரில், 2001ஆம் ஆண்டு விலைக்கு அலைக்கற்றை வழங்கப்பட்டது. 2012 பெப்ரவரியில் உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தது. குற்றஞ்சாட்டப்பட்ட, தமிழகத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் உட்பட அனைவரும் 2017இல் விடுவிக்கப்பட்டனர் என்பது உண்மையே. அதனால் பங்கீட்டு முறை நேரியதாகிவிடவில்லை.

இனி நமது பணப்பைக்கு வருவோம். தமிழ்க் கடைகளில் வாங்கும் முற்பண அட்டைகள் பலவற்றை விற்கும் நிறுவனங்களுக்குச் சொந்தமாக அலைவரிசை இல்லை. பெரிய நிறுவனங்களின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்தே அவை இயங்குகின்றன. அத்தகைய நிறுவனங்களுக்கு இடங்கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடப்பாடு பழைய உரிமங்களில் இருந்தது. 2019ஆம் ஆண்டின் 6.55 பில்லியன் யூரோ ஏலத்துக்கான விதிகளில் அது, பேச்சுவார்த்தை நடத்தினால் போதும் என்று மெலிந்துபோயிற்று. 2024 ஓகஸ்டில் கொலோன் நிர்வாக நீதிமன்றம் அவ்விதிகளை வகுத்த முடிவு சட்டவிரோதமானது என்று கூறியது. சுயாதீனமாக இயங்கவேண்டிய ஒழுங்குமுறை ஆணையத்தின்மீது அமைச்சு செல்வாக்குச் செலுத்தியமையை அது கண்டித்தது. இது சிறிய விடயமன்று. மலிவு அட்டை இல்லாத நாளில் முதலில் வாய்மூடுபவன் உதவிப்பணத்தில் வாழ்பவனே.

2025 மார்ச்சில் அந்த ஆணையம் ஏலமின்றியே பழைய உரிமங்களை ஐந்து ஆண்டுகள் நீடித்தது. பதிலுக்கு, 2030 முதல் நாட்டின் பரப்பளவில் 99.5 சதவீதத்துக்கு வினாடிக்கு 50 மெகாபிற் வேகம் வேண்டும் என்றது. மக்கள்தொகை என்ற அளவுகோலுக்குப் பதிலாகப் பரப்பளவு வந்திருப்பதை நான் வரவேற்கின்றேன். பணத்தைப் பெற்றுக் கஜானாவில் போடுவதைவிட இது மேலானது. ஆனால் சிறிய நிறுவனங்களுக்கு இடங்கொடுக்கும் பழைய கட்டாயம் மீண்டு வரவில்லை.

நீடிப்புக்காலம் முடிவதற்குள் அடுத்த பங்கீட்டுக்கான விதிகள் வரையப்பட்டாக வேண்டும். வரைவுகளை ஆணையம் வெளியிட்டு எழுத்துமூலம் கருத்துக் கேட்பது வழக்கம். கருத்துக் கூறுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. சமிக்ஞையற்ற இடங்களைப் பதிவுசெய்யும் செயலியொன்றையும் அது வைத்திருக்கின்றது. கலைவிழாவுக்கு மண்டபம் பிடிக்க ஆறு மாதம் முன்னரே ஓடித்திரியும் நமது சங்கங்கள், தமது உறுப்பினர் வாழும் விடுதிகளில் எவற்றில் அழைப்பு எடுபடவில்லை என்ற பட்டியலை ஜேர்மன் மொழியில் எழுதி அனுப்ப ஒரு மாலைப்பொழுது போதும்.