சோற்றுக்கடையும் யோக்கியதையும்

தாழ்த்தி வைக்கப்பட்டவர்களில் ஒருவன் நாலு காசு சேர்த்து ஒரு கடை வைக்கப் புறப்பட்டால், "உனக்கு ஏதப்பா வியாபாரம் செய்ய யோக்கியதை? அது உன் பரம்பரைக்கே வராதே" என்று சொல்லுகிறவர்கள் நம் நாட்டில் மாத்திரம் இருப்பதாக வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் இந்தப் பேச்சு சட்டமாகவே இருந்தது.

அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஓசேஜ் என்பவர்கள் ஒரு இனத்தார். கான்சாஸில் இருந்த இவர்களை வெள்ளையர் நெருக்கித் தள்ளவே, 1870-களில் ஓக்லஹோமா பக்கம் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்து நிலம் வாங்கிக் குடியேறினார்கள். 1897-ல் அந்த நிலத்தில் எண்ணெய் கிடைத்தது. 1906-ம் வருஷத்துச் சட்டப்படி, அந்த எண்ணெயின் வருமானம் ஜாபிதாவில் பதிந்த 2,229 பேருக்கும் பொதுவாயிற்று.

கையில் பணம் சேர்ந்தவுடன் வெள்ளையருக்குப் பெரிய தர்ம சிந்தனை பிறந்துவிட்டது! பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவனுக்குப் பணத்தைக் காப்பாற்றும் யோக்கியதை இல்லையாம். தன் யோக்கியதையை அவன் ருஜுப்படுத்தும் வரையில், அவனுடைய சொந்தப் பணத்தில் மூன்று மாதத்திற்கு 1,000 டாலர்தான் கொடுக்கலாம் என்று 1921-ல் சட்டம் செய்தார்கள். கோர்ட்டார் நியமித்த கார்டியன்களில் அநேகர் அவ்வூர் வெள்ளை வக்கீல்களும் வியாபாரிகளுமே. யோக்கியர்களான இவர்களில் பலர் அந்தப் பணத்தை மோசம் செய்தார்கள். பங்குக்கு வாரிசாவதற்காக ஓசேஜ் ஜனங்களைச் சுட்டும் விஷம் வைத்தும் கொன்றவர்களும் உண்டு. அந்த இனத்தாரின் சொத்தைச் சரியாக நிர்வகிக்காத வழக்கில், அமெரிக்க சர்க்காரே 2011-ல் 38 கோடி டாலர் கொடுத்து ராஜி செய்து கொண்டது. அப்படியானால் யோக்கியதை இல்லாதவர் யார் என்று கேட்கிறோம்.

இந்த இனத்தில் வந்த ஒரு குடும்பத்தார் 1989-ல் டென்வர் நகரத்தில் "கிரேஹார்ஸ்" என்ற சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். கிரேஹார்ஸ் என்பது ஓசேஜ் ஊர் ஒன்றின் பெயர். அவர்கள் மகன் 2008-ல் ஒரு சிநேகிதரோடு கூட்டுச் சேர்ந்து, அதே நகரத்தில் "டொகாபே" என்ற கடையைத் துவக்கினார். பொரித்த ரொட்டியும் காட்டெருமை இறைச்சியும் அங்கே விற்ற பண்டங்கள். சரக்கை முதலில் பூர்வகுடி விவசாயிகளிடம் வாங்குவது, அங்கே கிடைக்காவிட்டால்தான் பிறரிடம் போவது என்று ஒரு முறை வைத்துக் கொண்டார்கள்.

இது பழமையான உணவு என்பதற்காக நாம் பாராட்டவில்லை. பொரித்த ரொட்டி, நிலத்தைப் பறிகொடுத்த பூர்வகுடிகள் சர்க்கார் அளந்த மாவையும் கொழுப்பையும் கொண்டு வயிறு கழுவிய காலத்தில் உண்டானது. அதில் தெய்வீகம் ஒன்றுமில்லை. பணத்தைக் கையாளத் தெரியாதவர் என்று சட்டத்தால் முத்திரை குத்தப்பட்ட இனத்தில், தகப்பனும் தாயும் பிள்ளையும் இரண்டு தலைமுறையாகக் கணக்கு எழுதி, ஆள் வைத்து, பேர் எடுத்தார்களே, அதுதான் பாராட்டத்தக்கது. ரத்தம் மாறவில்லை, விலங்குதான் கழன்றது.

நம் நாட்டில் என்ன? ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் 1941-ல்தான் ஒழிந்தது. ஓட்டல் போர்டிலிருந்து "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்க, 1957-ல் சென்னையில் மறியல் செய்து நம் தோழர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. 2023-லும் கூட, பள்ளிக்கூடத்துக் காலை உணவை ஓர் ஆதிதிராவிடப் பெண் சமைத்தார் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். அவர் கை சமைத்ததை உண்ண மாட்டோம் என்பவர்களே, அவர் மக்களுக்கு வியாபார சாமர்த்தியம் இல்லை என்றும் சொன்னால், அது என்ன நியாயம்?

ஒரு கடையால் ஓர் இனத்தின் தரித்திரம் தீர்ந்துவிடாது. ஆனாலும் தோழர்களே! உங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பம் சோற்றுக்கடை வைக்க இடம் தேடினால், ஜாதி கேளாமல் வாடகைக்கு விடுங்கள். வைத்த பிறகு போய்ச் சாப்பிடுங்கள். சுத்தமா, ருசியா, விலை சரியா என்று மூன்று கேள்விகளைத் தாராளமாகக் கேளுங்கள். நாலாவது கேள்வி கேட்கிறவன் பசிக்கு வந்தவன் அல்ல.