எல்லைப்புறக் காய்ச்சலும் முதல் வினாவும்

தொற்றுநோய் நிபுணர் என்றதும் பெருநகர மருத்துவமனையும், அங்குள்ள சோதனைக்கூடமும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. நோய் முற்றியபின் உயிரைக் காப்பதில் அவருடைய பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், காய்ச்சல் கண்ட முதல் நான்கைந்து நாட்களில் நோயாளியைக் காண்பவர் அவரல்லர். கிராமச் சுகாதார ஊழியரும், மருந்தாளரும், பள்ளி ஆசிரியருமே அவரை முதலில் காண்கின்றனர். அந்நாட்களில் கேட்கப்படும் வினாவைப் பொறுத்தே நிபுணரின் வெற்றியும் அமைகிறது.

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் கிழக்கெல்லையை நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும். பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று வாளையாற்றிலும் கோவிந்தாபுரத்திலும் மாநில எல்லை உள்ளது. ஆனால் உறவும் தொழிலும் அக்கோட்டில் நிற்பதில்லை. இடுக்கியிலோ, கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி, ஏலத் தோட்டங்களில் உழைத்து, மாலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வீடு திரும்புவோர் ஏராளம். தோட்டத்தில் உடலிற் புகுந்த கிருமி, பல நாட்கள் கழித்து அடிவாரத்து ஊரிலே காய்ச்சலாக வெளிப்படுகிறது. சிகிச்சை தமிழ்நாட்டில் நடைபெறுகிறது. நோய் பிறந்த இடமோ கேரளத்தில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு.

இரண்டு காய்ச்சல்களைச் சான்றாகக் கொள்வோம். முதலாவது எலிக் காய்ச்சல். எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இதன் கிருமி வாழ்கிறது. கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே உடலிற் புகுகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல் காண்கிறது. கெண்டைக்கால் சதையில் கடும் வலியும், பீளையின்றிக் கண் சிவத்தலும் இதன் குறிகள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தை அடுத்துக் கேரளத்தில் இந்நோய் பரவியபோது, வெள்ள நீரில் இறங்கிப் பணிபுரிந்தோருக்கு டாக்ஸிசைக்கிளின் மாத்திரை முன்காப்பாக வழங்கப்பட்டது.

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் இது வருகிறது. மாட்டின் மேல் காணும் உண்ணி இதற்குக் காரணமன்று; பெயரை நம்பி மாட்டுண்ணியைத் தேடுவோர் ஏமாறுவர். கடித்த இடத்தில், தீயால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு ஒன்று சிலருக்கு உண்டாகும். அது வலிப்பதில்லை, அக்குளிலோ இடுப்பிலோ மறைந்திருப்பதால் நோயாளியே அதை அறியார். எலிக் காய்ச்சலுக்குப் பயன்படும் பென்சிலின் இதற்குப் பயன்படாது. டாக்ஸிசைக்கிளினோ இரண்டுக்கும் பயன்படும்.

இவ்விரண்டும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காணும் சோதனைகள் முதல் வாரத்தில் நோயைக் காட்டாமற் போவதும் உண்டு. அதற்குள் சிறுநீரகமோ நுரையீரலோ பழுதுற்றால், மலிவான மாத்திரையால் தீர்ந்திருக்க வேண்டிய நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்பும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படும். ஆகவே, சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதற்கு, நோயாளியின் தொழிலும் இடமும் பற்றிய செய்தி அவருக்கு உடனே கிட்ட வேண்டும்.

இங்கே மொழியும் இடையூறாகின்றது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தமிழில் அது மார்கழியில் பெய்வது. எலிப்பனி, செள்ளுப்பனி என்று சீட்டில் எழுதியிருப்பின், அடிவாரத்து ஊழியர் அதை எங்ஙனம் கொள்வார்? மஞ்சள் காமாலையைக் குறிக்கும் மஞ்ஞப்பித்தம் என்ற சொல்லைக் கண்டு, வெறும் பித்தமென்று கருதி வாளாவிருப்போரும் இருக்கக்கூடும்.

இதற்கு வழி புதிதன்று. 1958-இல் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில், ஊழியர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை வீடுதோறும் சென்று, காய்ச்சல் உண்டா என வினவி, இரத்தப் பூச்சு எடுத்தனர். 1947-இல் ஏழரைக் கோடியாக மதிப்பிடப்பட்ட மலேரியா நோயாளிகளின் தொகை, 1965-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றதோடு கண்காணிப்பும் தளர்ந்தபின், 1976-இல் அது 64 லட்சமாக உயர்ந்தது. வினவும் வழக்கம் தளர்ந்தால் நேரும் தீங்கை இவ்வெண்கள் உணர்த்தும்.

மாவட்டந்தோறும் தொற்றுநோய் நிபுணரை நியமிப்பதே தீர்வு எனச் சிலர் கூறுவர். அது விரும்பத்தக்கதே. ஆனால் அத்துறைக்கெனத் தனி மேற்படிப்பு நம் நாட்டில் சில கல்லூரிகளில்தான் உள்ளது. நிபுணர் வரும்வரை காய்ச்சல் காத்திராது. இன்றே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, நோயின் பெயரும், வேலை செய்த இடமும், காய்ச்சல் கண்ட நாளும் இரு மொழிகளிலும் எழுதப்பட்ட சீட்டு நோயாளியுடன் செல்லுதல். மற்றொன்று, நோய் பற்றிய செய்தியைச் சிகிச்சை நடந்த மாவட்டம், தொற்று நேர்ந்த மாவட்டத்துக்குத் தாமதமின்றி அறிவித்தல்.

நான்கு நாட்களாகப் பள்ளிக்கு வராத சிறுவனின் வீட்டில் தந்தையும் காய்ச்சலாகக் கிடக்கிறார் என்பதை முதலில் அறிபவர் ஆசிரியர். எங்கே வேலைக்குச் சென்றீர்கள், எந்த நீரில் இறங்கினீர்கள், காய்ச்சல் என்று தொடங்கியது என அவர் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். மருந்தைத் தேர்வது மருத்துவர் கடமை. அதற்குரிய காலத்தை அவருக்கு ஈட்டித் தருவது அந்தத் தாளே.