படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை

வெளிநாடு போனால் கோட்டை கொத்தளத்தைவிட, காய்கறி வாங்குகிற பெண், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இவர்களைத்தான் படம் பிடிக்கத் தோன்றும். வாஸ்தவம்தான், ஊரின் உயிர் தெருவில்தானே இருக்கு! ஆனால் அவர்கள் நமக்காக வேஷம் கட்டி நிற்கவில்லையே?

ஜப்பானில், கியோட்டோ நகரத்து கியோன் பகுதியைக் கேளுங்கள். பழைய மரவீடுகளும் தேநீர் விடுதிகளும் நிறைந்த இடம். சாயங்காலமானால் முகத்தில் வெள்ளைப் பூச்சும் பட்டுக் கிமோனோவுமாக மைக்கோப் பெண்கள் நடந்து போவார்கள். ஆட்டமும் பாட்டும் பயிலும் இளம் பெண்கள். வேலைக்கு விரைகிற அவர்களை வழிமறித்து, கிமோனோவைப் பிடித்து இழுத்தெல்லாம் படம் எடுத்தார்கள் சில உல்லாசப் பயணிகள். பொறுக்க மாட்டாமல் 2019-ல், தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று ஊர்க்காரர்கள் பலகை வைத்தார்கள். 2024-ல் சில சந்துகளில் வெளியாட்கள் நுழையவே கூடாது என்றாகிவிட்டது.

விடிகாலையில் நாம் குனிந்து கோலம் போடும்போது, முன்பின் தெரியாதவர் கேமராவை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க?

ஆகையால் பயணம் கிளம்பும் சகோதரிகளே, அந்த ஊர் பாஷையில் ஒரு வரி கற்றுக்கொள்ளுங்கள். ஜப்பானில், "ஷாஷின் ஓ தொத்தே மோ ஈ தெஸ் கா?" என்றால் 'படம் எடுத்துக்கலாமா?' என்று அர்த்தம். தலையசைத்தால் எடுங்கள். கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினால், வேண்டாம் என்கிறார்கள், புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். குழந்தையானால் தாயாரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.