சிவப்பு போனால் நோய் போயிற்றா?

“சிவப்பு போயிடுச்சு, இனி சொட்டு மருந்து எதுக்கு?” மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலும் கோவளம், சதுரங்கப்பட்டினம் குப்பங்களிலும் செங்கல்பட்டு வயல்களிலும் இதே பேச்சுதான். கல் தூசி, உப்புக்காற்று, மெட்ராஸ் ஐ என்று ஏதாவது காரணம் சொல்லி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்குகிறார்கள். கண் வெளுத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை இளைஞர்களின் பார்வையைக் கெடுக்கிறது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதில் பூளை தள்ளும், கண் உறுத்தும். ஆனால் வலியோடு வெளிச்சமும் கூசி, பார்வை மங்கினால், கண்ணின் நடு அடுக்கான யூவியாவில் அழற்சி வந்திருக்கலாம். மூட்டுவாதம் உள்ள குழந்தைகளுக்குக் கண் துளியும் சிவக்காமலே இது வருவதுண்டு. 1993இல் மதுரைப் பகுதியில் வந்த வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலால் கண் அழற்சி கண்டவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அலையலையாக வந்தார்கள். காய்ச்சல் விட்டு மாதக்கணக்கு ஆன பின்னும் கண்ணைத் தாக்கும் நோய் அது. வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை எப்படிக் கணிப்பது?

உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, விழித்திரையின் மையமான மாக்குலாவை வீங்கவைக்கும். அதன்மேல் மெல்லிய சவ்வும் படரலாம். சவ்வு சுருங்கினால் விழித்திரையிலும் மடிப்பு விழும். சன்னல் கம்பி வளைந்து தெரியும். நூல் பிடித்துக் கோடு போடும் சிற்பிக்கு அது பிழைப்பையே பறிக்கும். ஆனால் இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் இந்தக் குறையை மறைத்துவிடும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தால்தான் பிடிபடும்.

சவ்வு வந்தவர் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. வீக்கம் மருந்தால் வடிந்து பார்வை தேறுவதுண்டு. சவ்வை உரித்தெடுக்க வேண்டியிருந்தாலும், அழற்சி சில மாதங்களாவது அடங்கியிருக்க வேண்டும் என்றே மருத்துவர்கள் பொதுவாகக் காத்திருப்பார்கள். பாதியில் மருந்தை விடுகிறவர் அந்த வாய்ப்பையும் தள்ளிப்போடுகிறார்.

சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்பது இதைவிடக் கொடுமை. சிவப்பு மறையும், நோய் உள்ளேயே இருக்கும். கண்காணிப்பின்றி நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் புரையும் சேரும். மருந்துக்கடைக்காரர்கள் இதை நிறுத்த வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கஷ்டம் பொய்யில்லை. அதற்காகப் பார்வையை விலையாகக் கொடுக்க முடியாது. செங்கல்பட்டிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மின்சார ரயில் ஏறினால், 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கும் போய்விடலாம். நோய் அடங்கியதா என்பதை முகம் பார்க்கும் கண்ணாடி சொல்லாது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் பரிசோதனையும் விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும்தான் சொல்லும். மருத்துவர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.