விலை கூறும் உரிமை எவர்க்கு?

உரமூட்டை வாங்கச் செல்லும் உழவனுக்கு விற்பவன் விலை கூறுகிறான். அவ்வுழவனே தன் விளைவை விற்கச் செல்லுங்கால் வாங்குபவன் விலை கூறுகிறான். ஈரிடத்தும் வாய்மூடி நிற்பவன் உழவனே! புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வட்டாரத்தில் இதனை நாடோறும் காணலாம்.

வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாவும் மலர்களும் பெயர் பெற்றவை. ஆயின், பறித்த பூ மாலைக்குள் வாடும். பழுத்த பலா சில நாளில் அழுகும். வாங்குபவனால் காத்திருக்க இயலும், விற்பவனால் இயலாது. விலையை முடிவு செய்வது இவ்வேறுபாடே, விளைவின் சிறப்பன்று. திருமண நாள்களில் ஏறும் பூவிலை, பின்னர்ப் பறிகூலிக்கும் போதாமல் வீழ்ந்து, பூவைக் குப்பையிற் கொட்டச் செய்கிறது.

இதன்மேல் முன்பணம் என்னும் தளை வேறு. தரகுக் கடையில் முன்பணம் பெற்றவன் அக்கடைக்கே விளைவைக் கொணர்தல் வேண்டும். எடை போடுபவரும் அவரே. விலை கூறுபவரும் அவரே. தரகையும் கடனையும் கழிப்பவரும் அவரே. இதனை 'அட்வான்சு' என்று பெருமையாக அழைக்கின்றோம். கடன் என்னும் தமிழ்ச்சொல்லால் அழைத்தால் உண்மை விளங்கிவிடும் போலும்! தரகர் யாவரும் தீயர் என்பதன்று நம் கருத்து. அவருள்ளும் பெருவணிகர்க்கு அடங்கி நடப்பவர் உளர்.

2018 நவம்பர் 16-இல் கசாப் புயல் இவ்வட்டாரத்துப் பலா மரங்களை வேரோடு சாய்த்தது. இழப்பு உழவனுடையது, வாங்கி வந்தவர்க்கோ வேற்றூர் சென்று வாங்கும் அலைச்சலே. கன்று மரமாகும்வரை காத்த ஆண்டுகளும், ஆழ்துளைக் கிணற்றில் ஆண்டுதோறும் இறங்கும் நீரும் எந்த நாள்விலையிலும் சேர்வதில்லை. நம் மண்ணும் நீரும் தேய்ந்தே பிறர்க்கு விலை குறைகிறது.

சட்டங்கள் வாராமலில்லை. தமிழ்நாட்டில் 2019-இல் ஒப்பந்த வேளாண்மைச் சட்டம் வந்தது. எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திற்கே அது பொருந்தும். முன்பணக் கட்டோ வாய்ச்சொல்லில் நிற்பது. தில்லியார் 2020-இல் கொணர்ந்த சட்டமோ, உழவர் உரிமை வழக்கு மன்றம் செல்லும் வழியையே அடைத்தது. வடபுலத்து உழவர் ஓராண்டு போராடியே 2021-இல் அதனை நீக்குவித்தனர்.

1999-இல் தொடங்கிய உழவர் சந்தை, தரகரின்றி விற்க இயலும் என்று காட்டிற்று. எனினும் வண்டி வண்டியாய் வெளியூர் செல்லும் பலாவுக்கு அது போதாது. ஊர்தோறும் உழவர் கூடி ஒருசேர விற்றல் வேண்டும். முன்பணத்தைக் கூட்டுறவுக் கடன் நிறுவனங்கள் தருதல் வேண்டும். அதுவரை, எடை, விலை, தரகு, கழித்த கடன் ஆகிய நான்கையும் தமிழில் எழுதிய சீட்டை ஒவ்வொரு தரகுக் கடையும் உழவன் கையில் கொடுக்குமாறு மாவட்ட ஆட்சியர் ஆணையிடட்டும்.