இடவழியில் ஒரு கோடி

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிறது கொல்லயில். இதுபோன்ற எல்லைக் கிராமங்களில் சொகுசு எஸ்.யு.வி. வாங்க நினைக்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, வாசலுக்கு வரும் சாலையை.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் வழக்கமான தார் அகலம் 3.75 மீட்டர். பழைய இடவழிகளுக்கு அதுவும் கிடையாது. ஆடி க்யூ7-ன் அகலம் 1.97 மீட்டர். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 இரண்டு மீட்டரைத் தொடுகிறது. லம்போர்கினி உருஸ் கண்ணாடிகளை விரித்தால் 2.18. எதிரே 1.3 மீட்டர் ஆட்டோ வந்தால் உருஸுக்கு மிஞ்சுவது ஒரு சாண். பஸ் வந்தால் பின்னால் போக வேண்டியதுதான்!

விற்பனையாளர்களோ நொடிக் கணக்கில்தான் பேசுவார்கள். பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை உருஸ் 3.6 நொடியில் எட்டும், க்யூ7 ஆறு நொடிக்குள், வால்வோ எக்ஸ்.சி.90 எட்டு நொடிக்குள். 2018-ல் இந்தியாவுக்கு வந்தபோது உருஸின் விலை 3 கோடி ரூபாய். களியக்காவிளை சாலையில் அந்த வித்தியாசத்தை எங்கே காட்டுவது? வால்வோ நிறுவனம் 2020 முதல் தன் கார்களின் வேகத்தை 180 கி.மீ.யோடு நிறுத்திவிட்டது. இங்கே அதுவே தாராளம்.

உண்மையான சோதனை திருவனந்தபுரம் விமான நிலையத்தில். வளைகுடாவிலிருந்து வரும் மகனை அழைக்கப் பாட்டி முதல் பேரன்வரை எல்லோரும் கிளம்புவார்கள். க்யூ7-லும் எக்ஸ்.சி.90-லும் ஏழு பேர் உட்காரலாம். ஆனால் மூன்றாம் வரிசை சிறுவர்களுக்குத்தான் சரி, அதை நிமிர்த்திவிட்டால் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. போர்ஷே கெய்ன் ஐந்து பேருக்கான வண்டி. நால்வர் குடும்பமானால் ஓட்டுவதில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கைகொடுப்பது காற்று சஸ்பென்ஷன்: ஏறும்போது வண்டியைத் தாழ்த்தலாம், குழியில் உயர்த்தலாம். ஆனால் பழுதானால் செலவு சும்மா விடாது. பெரிய சக்கரத்தில் மெல்லிய டயர் மாட்டிய விலை உயர்ந்த ரகத்தைவிட, சிறிய சக்கரமும் தடித்த டயரும் உள்ள ரகமே நம் குழிகளுக்கு ஏற்றது.

வரி இன்னொரு கதை. எஸ்.யு.வி.களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 22 சதவீத செஸ் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மொத்தமே 40 சதவீதம். அதற்கு மேல் சாலை வரி. தமிழகம் 2023-ல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதமாக்கியது. கேரளத்தில் அதைவிடச் சற்று அதிகம். எல்லை தாண்டி உறவினர் முகவரியில் பதிவு செய்வதால் பெரிய லாபமில்லை. வரி குறைந்த புதுச்சேரியில் பதிவு செய்து கேரளத்தில் ஓடிய சொகுசு கார்கள் 2017-ல் போலீஸ் வழக்குகளில் சிக்கின. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம்.

பெரிய குடும்பமென்றால் க்யூ7 அல்லது எக்ஸ்.சி.90. முன்பணம் கட்டுமுன் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலோடு முடிக்காமல், பாட்டியையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றி, வீட்டுக் கேட்வரை ஓட்டிவரச் சொல்லலாம். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.